ரூஸ்வெல்ட்டின் பண்ணைத் தோழர் பற்றி உதவி தேவை

வணக்கம். தியடோர் ரூஸ்வெல்ட் அதிபராகும் முன்பு, 1880களில் டகோட்டாவில் மாட்டுப் பண்ணை நடத்தினார் இல்லையா? அங்கே அவருக்காக வேலை பார்த்த பில் சூவல் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மெய்ன் மாநிலத்துக் காட்டு வழிகாட்டி, 1878லேயே பழக்கம். 1886இல் தன் படகைத் திருடியவர்களை ரூஸ்வெல்ட் லிட்டில் மிசௌரி ஆற்றில் துரத்திப் பிடித்தபோது சூவலும், பண்ணையில் அவருடன் வேலை பார்த்த வில்மட் டோவும்தான் உடன் போனார்கள். முதலாளி சும்மா உட்காரவில்லை! அதிபரானதும் சூவலுக்குச் சுங்க அதிகாரி பதவி தந்தார். நட்பா, சலுகையா என்றால், இரண்டும்தான் என்பேன்.

இவர்களின் கடிதங்களை இணையத்தில் எங்கே இலவசமாகப் படிக்கலாம்? டகோட்டாவில் ரூஸ்வெல்ட் நடத்திய எல்க்ஹார்ன் பண்ணை வீட்டின் பழைய படம் கிடைத்தாலும் சரி, சுட்டி அனுப்புங்கள். அப்புறம், ரூஸ்வெல்ட்டின் கையெழுத்தைப் படித்துப் பழகியவர்கள் யாராவது உண்டா?