கெண்டைக்கால் வலியோடு வந்த காய்ச்சல்

எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. அடைமழையில் வயல்களில் தண்ணீர் தேங்கியதும், வளைகளில் இருந்த எலிகள் வரப்பு மேட்டுக்கும் வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் ஏறிவிடும். அப்படியொரு கார்த்திகையில் என் சித்தப்பா பகலில் களையெடுப்பதும், மாலையில் மூங்கில் கிட்டி வைப்பதும், விடிந்ததும் அதில் சிக்கிய எலிகளை வெறுங்கையால் எடுப்பதுமாக இருந்தார். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெடித்திருந்தது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குவார்.

அவருக்கு வந்தது எலிக்காய்ச்சல்; முதலில் அது மழைக்காய்ச்சலாகத்தான் தெரிந்தது. ஆனால் கெண்டைக்கால் சதையை இலேசாகத் தொட்டாலே துடித்தார். பீளை எதுவும் இல்லாமலே கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. பிறகு சிறுநீர் குறைந்து, கண்ணில் மஞ்சள் ஏறியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சித்திதான் பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் வயல் வேலையைப் பற்றி விசாரித்து, பாதங்களைப் பார்த்துவிட்டு, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் பென்சிலின் ஊசியைத் தொடங்கினார். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நோயைக் காட்டாமல் போகலாம் என்பதால், காத்திராமல் ஊசி போட்டதுதான் சித்தப்பாவைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் தங்கி, எலிக்கு எந்தத் தொல்லையும் தராமல், அதன் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருந்து, புண் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உடம்புக்குள் நுழையும். காய்ச்சல் தலைகாட்டப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் ஆவதால், வயல் வேலையையும் காய்ச்சலையும் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. கால்நடைகளையும் இது விடுவதில்லை; சினைமாடு கன்று வீசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் 2008-ஆம் ஆண்டு 7,000-க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் இருப்பதாகப் பதிவானது. அங்கே வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதாரத் துறையினர் நோய் வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாரம் ஒருமுறை கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். ரப்பர் பூட்ஸ் நல்லதுதான் என்றாலும், உளைச்சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு நடவு நட முடியாது. சித்தப்பா இப்போது காலில் புண் இருந்தால் அது ஆறும்வரை சேற்றில் இறங்குவதில்லை. கிட்டியில் சிக்கிய எலியைக் கையுறை போட்டே எடுத்துப் புதைக்கிறார்.