போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கும்போது பேஸ்டிலும் எதற்கு?

தகடூரான்:
தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரின் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். பிள்ளைகள் பல்லெல்லாம் கறையாக இருக்கும் ஊரில் "வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பேஸ்டை மாற்று, ஃபுளோரைடு பேஸ்ட் பல்லின் மேலடுக்கான எனாமலைச் சரிசெய்யும்" என்று நீங்கள் பேசுவது பொறுப்பா?

எனாமல்:
கறை வருவது விழுங்கிய ஃபுளோரைடால், அதுவும் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில். எனாமலைச் சரிசெய்வது எச்சிலில் கலந்து நிற்கும் ஃபுளோரைடு. கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி, பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். அமிலம் தணிந்ததும் திரும்பப் படியும். ஃபுளோரைடு இருந்தால் வேகமாகப் படியும். அப்படிப் படிந்தது அடுத்த அமிலத்துக்குச் சுலபத்தில் கரையாது. ஆனால் குழி விழுந்துவிட்டால் ஃபில்லிங்தான், பேஸ்ட் அடைக்காது.

தகடூரான்:
இரண்டு வயசுப் பிள்ளைக்குத் துப்பத் தெரியுமா? விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குகிறார்கள், வீட்டிலும் அதையே செய்கிறார்கள்.

எனாமல்:
பிதுக்கும் அளவுதான் தப்பு. 1000 பி.பி.எம். பேஸ்டில் கிராமுக்கு 1 மி.கி. ஃபுளோரைடு. 3 வயசுக்குள் ஓர் அரிசி அளவு, ஏறக்குறைய 0.1 கிராம், அத்தனையும் விழுங்கினாலும் 0.1 மி.கி. தான். 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, 0.25 கிராம். லிட்டருக்கு 3 மி.கி. உள்ள போர் தண்ணீரில் ஒரு லிட்டர் குடித்தால் எவ்வளவு போகும், நீங்களே பாருங்கள்.

நீர்மானி:
இடையில் ஒன்று. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டு, சோறும் குழம்பும் போர் தண்ணீரில் வைத்தால் பாதி வழிதான் அடைபடும்.

தகடூரான்:
சரி, தண்ணீர்தான் முதல் எதிரி. ஆனால் வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் "பேஸ்டை மாற்று" என்கிறீர்களே, எங்கள் ஊரில் அது பெரும்பாலும் ஃபுளோரோசிஸ், அதாவது விழுங்கிய ஃபுளோரைடால் வந்த கறை!

எனாமல்:
பல்லைத் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். ஈறோரமாக, பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூசினது போல இருந்தால் பெரும்பாலும் சொத்தையின் தொடக்கம். இடமும் வலமும் ஜோடிப் பற்களில் ஒரே மாதிரி மெல்லிய குறுக்குக் கோடுகள் என்றால் ஃபுளோரோசிஸ். அதை பேஸ்ட் மாற்றாது. முதல் வகைக்கு இரவு படுக்குமுன் ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள். உடனே வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடு வாஷ்பேசினில் போய்விடும்.

தகடூரான்:
கொப்பளிக்காதே என்பது பெரியவர்களுக்குப் பொருந்தும். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு, வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்து அளவு தெரியும்வரை, அரிசி அளவைத் தாண்டக் கூடாது. ட்யூபும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி வாசனை பேஸ்டைப் பிள்ளைகள் நக்கித் தின்கிறார்கள். அதற்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை.