காலாங் ஆற்றில் துள்ளியது சினை மீனா?

தோபாயோ தாத்தா:
நேற்று மாலை மழை விட்டு, வெள்ளம் வடிந்த பிறகு, இங்கே சிங்கப்பூரில் காலாங் ஆறு ஓடும் பீஷான் பூங்காப் பக்கம் போனேன். ஆற்றுக் கற்களுக்கு நடுவே ஒரு சாண் மீன் ஒன்று ஓட்டத்தை எதிர்த்துத் துள்ளுகிறது. வழுக்கி விழுகிறது, மறுபடியும் துள்ளுகிறது. ஆறு தடவை எண்ணினேன். எங்கள் தஞ்சாவூர் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால் சினை மீன் இப்படித்தான் ஏறும். மடையில் பறி வைத்துக் காத்திருப்போம். இங்கே பாவம், மேலே லோவர் பியர்ஸ் அணை, கீழே கடல் முகத்தில் மரினா அணைக்கட்டு. 2.7 கி.மீ. சிமெண்டுக் கால்வாயை உடைத்து 2012ல் 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக்கியவர்கள், மீன் ஏறப் படியும் கட்டக்கூடாதா? எல்லா ஓடையிலும் கட்ட வேண்டும் என்பேன்.

ஈசூன் மீனாள்:
தாத்தா, அது ஜிலேபி மீனாக (திலாப்பியா) இருக்கும். ஆண் அடிமண்ணில் குழி பறிக்கும், பெண் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். அதற்கு எதற்கு மேலே ஏறும் வேலை? ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்புவது மீனின் பொதுக்குணம். திருப்பாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். துள்ளினதெல்லாம் சினை ஆகாது.

தோபாயோ தாத்தா:
அப்போ எங்கள் வாய்க்காலில் ஏறியது என்ன, பொய்யா?

ஈசூன் மீனாள்:
பொய் என்று யார் சொன்னது! ரோகு, மிர்கால் போன்ற கெண்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் வளர்த்தால் சினை பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால்தான் 1957ல் ஒடிசாவில் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி முட்டையிட வைத்தார்கள். வெள்ளம் தரும் தூண்டுதலை ஊசி தந்தது. ஆனால் நம் நீ சூன் சதுப்புக்காட்டில் வாழும் ஹார்லிக்வின் ரஸ்போரா என்ற சிறு மீன் தேநீர் நிறத் தண்ணீரில், நீர்ச்செடி இலையின் அடியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்த மாதிரிக் காட்டு ஓடைக்கும் படி கட்டினால் நீர்த்தேக்கத்து ஜிலேபியும் பீக்காக் பாஸ் என்ற வெளிநாட்டு மீனும்தான் முதலில் ஏறும். அங்கே தடுப்பு இருப்பதே நல்லது.

காலாங் பையன்:
அக்கா சொல்வது காட்டு ஓடைக்குச் சரி. அதையே காலாங்குக்கும் போட்டால் எப்படி? மீன் பேச்சில் இறாலை இழுக்கிறேன், மன்னிக்கவும். காசு கொடுத்துத் தூண்டில் போடுகிறோமே, அந்த ஊடாங் காலா என்ற பெரிய இறால் வளர்வது நன்னீரில், குஞ்சு பிழைப்பது உப்பு கலந்த தண்ணீரில். விலாங்கு முட்டையிடவே கடலுக்குப் போகும். இவற்றுக்கு வழியை அடைப்பது மேலே உள்ள அணையைவிடக் கீழே உள்ள அணைக்கட்டுதான். 2008ல் இருந்து அங்கே கடலும் ஆறும் கலப்பதில்லை. படி கேட்பதானால் அந்த இடத்தில் கேளுங்கள் தாத்தா.

ஈசூன் மீனாள்:
அந்த அணைக்கட்டால் உள்ளே இருப்பது நீங்கள் குடிக்கிற தண்ணீர், தம்பி. உப்பை உள்ளே விடச் சொல்கிறீர்களா?

காலாங் பையன்:
உப்பை விடச் சொல்லவில்லை. குஞ்சு விலாங்கு ஈரச் சுவரில்கூட ஏறும். அதற்குச் சொரசொரப்பான, நனைந்த சரிவு ஒன்று போதும். கதவைத் திறக்கவே வேண்டாம்.

ஈசூன் மீனாள்:
அதுவரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். குஞ்சு இறாலும் அப்படி நனைந்த சுவரில் ஏறக்கூடியதுதான்.

தோபாயோ தாத்தா:
நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு கறுப்பு, வால் ஓரம் சிவப்பு. சரி, ஜிலேபிதான். ஆனாலும் சினையோடு எப்படித் துள்ளியது தெரியுமா!

ஈசூன் மீனாள்:
கறுத்த உடம்பு, சிவந்த ஓரம் என்றால் அது ஆண், தாத்தா.