பெத்தர்பியேவ் – பிவோல் மறுமோதல்: அதே மூன்று ஸ்கோர், ஆள் மட்டும் மாறியது எப்படி?

அரசலாறு (கும்பகோணம்) கேட்டது:

குத்துச்சண்டை வீரர்கள் ஆர்தூர் பெத்தர்பியேவும் திமித்ரி பிவோலும் மோதிய இரண்டு சண்டையையும் அடுத்தடுத்துப் போட்டு, ரவுண்டு ரவுண்டாக மார்க் போட்டுப் பார்த்தேன். 2024 அக்டோபர் 12, ரியாத், மூன்று ஜட்ஜ் போட்ட மார்க்: 114-114, 115-113, 116-112. வென்றவர் பெத்தர்பியேவ். 2025 பிப்ரவரி 22, அதே ரியாத்: 114-114, 115-113, 116-112. இந்த முறை பிவோல். 175 பவுண்டு எடைப்பிரிவு, நான்கு உலகப் பட்ட பெல்ட்டும் பந்தயத்தில்.

கம்ப்யூபாக்ஸ் (குத்துகளை எண்ணிச் சொல்லும் நிறுவனம்) கணக்குப்படி முதல் சண்டையில் பிவோல் 142 குத்து இறக்கியிருக்கிறார், பெத்தர்பியேவ் 137. அதிகம் அடித்தவர் எப்படித் தோற்றார்? 133 நாளில் மறுமோதலுக்குள் என்ன மாறியது? பெத்தர்பியேவுக்கு இடையில் 40 வயது முடிந்தது, அதுதான் காரணமா? ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இதை விளக்க வேண்டும். எல்லாருமே சிலம்பம் பழகி வந்தவர்கள். எதைப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடவாறு (தஞ்சாவூர்):

அண்ணே, 142-க்கு 137 என்று கூட்டிப் பார்ப்பதில்தான் சிக்கலே. சிலம்பத் தொடுமுறையில் உடம்பில் விழுந்த பொட்டை எண்ணி வெற்றி சொல்கிறோம். அந்தக் கண்ணோடு பையன்கள் குத்துச்சண்டை பார்த்தால் குழம்பத்தான் செய்வார்கள். இங்கே 12 ரவுண்டும் 12 பாத்தி. ஒரு பாத்தியில் தண்ணீர் வரப்பு முட்ட நின்றாலும் அடுத்த பாத்திக்கு ஒரு சொட்டு சேராது. ஒரு ரவுண்டில் 15 குத்து கூடுதலாக இறக்கினாலும் 10-9தான் (ரவுண்டை எடுத்தவருக்கு 10, மற்றவருக்கு 9), இரண்டு நல்ல குத்தில் முந்தினாலும் 10-9தான். பெரும்பாலும் ஆள் கீழே விழுந்தால்தான் 10-8. இந்த இரண்டு சண்டையிலும் யாரும் விழவில்லை.

அதனால் 115-113 என்றால் 7 ரவுண்டுக்கு 5. 116-112 என்றால் 8-க்கு 4. 114-114 ஆறுக்கு ஆறு. மூன்று ஜட்ஜும் 12 ரவுண்டும் சேர்ந்து 36 கட்டம். முதல் சண்டையில் பெத்தர்பியேவுக்கு 21, பிவோலுக்கு 15. மறுமோதலில் அப்படியே திருப்பி. இரண்டையும் கூட்டுங்கள்: ஆளுக்கு 36 கட்டம், ஆளுக்கு 684 புள்ளி. ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை. சமபலம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் காட்டுங்கள். 115-113 போட்ட ஜட்ஜ் ஒரே ஒரு ரவுண்டை மாற்றி எழுதியிருந்தால் அது 114-114 ஆகியிருக்கும். மூன்றில் இரண்டு ஜட்ஜின் மார்க் கார்டு சமம் என்றால் சண்டையே டிரா. இரண்டு சண்டைக்கும் இது பொருந்தும். டிரா ஆனால் பெல்ட் வைத்திருந்தவரிடமே இருக்கும். "சாம்பியனைத் தெளிவாக ஜெயித்தால்தான் பெல்ட்" என்று பலர் சொல்வார்கள், விதியில் அப்படி எதுவும் கிடையாது.

மாற்றத்துக்கு வயதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பின்பாதியில் பெத்தர்பியேவ் தளர்ந்தது கண்ணுக்கே தெரிந்தது.

பாமணியாறு (மன்னார்குடி):

வடவாறு சொன்ன பாத்திக் கணக்கு சரி. வயதுக் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீசிய குத்தைப் பாருங்கள். முதல் சண்டையில் பெத்தர்பியேவ் 682, மறுமோதலில் 689. குறையவே இல்லை. இறங்கியது 137, அடுத்தது 132. இரண்டு முறையும் ஐந்தில் ஒன்று. நான்கு மாதத்தில் கிழடு தட்டிய ஆளின் கணக்கா இது?

மாறியது பிவோல். முதல் சண்டையில் 423 வீசி 142 இறக்கினார், அதாவது மூன்றில் ஒன்று. மறுமோதலில் 574 வீசி 170. ரவுண்டுக்கு 35 வீசியவர் 48-க்கு ஏறினார். குறி தவறுவது கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று கையை அதிகம் விட்டார். நெருக்கமான ரவுண்டுகளைப் புரட்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்பதைப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். முதல் சண்டையின் கடைசி மூன்று ரவுண்டை எடுங்கள். பிவோல் இரண்டு கிளவுஸையும் கன்னத்து எலும்போடு ஒட்டி, முழங்கையை விலாவில் இறுக்கி, முதுகைக் கயிற்றுப் பக்கம் கொடுத்து நிற்கிறார். பெத்தர்பியேவின் நாலு குத்தில் மூன்று கிளவுஸிலும் முன்கையிலும்தான் படுகிறது. ஆனால் கார்டு, அதாவது முகத்தை மறைத்துத் தூக்கிய கைகள், மூடியிருக்கும் அந்த நான்கைந்து விநாடியும் பிவோலின் கையிலிருந்து ஒன்றுமே புறப்படவில்லை. சுத்தமான குத்து இரண்டு பக்கமும் குறைவாக இருக்கும்போது, ஜட்ஜ் அடுத்ததாகப் பார்ப்பது யார் சண்டையை நடத்துகிறார் என்பதை. பின்னால் போய்க்கொண்டே இருப்பவருக்கு அங்கே மார்க் விழாது. தடுப்பு நல்ல தடுப்புதான், ஆனால் பதில் குத்து இல்லாத தடுப்பு ரவுண்டை ஜெயித்துத் தராது.

மறுமோதலில் 7-வது ரவுண்டிலிருந்து பாருங்கள். அதே கார்டுதான். தடுத்த கையோடு மூன்று, நான்கு குத்து கொத்தாகப் போகிறது, உடனே கால் நகர்ந்து கயிற்றை விட்டு வெளியே வருகிறார். நேர் பின்னால் போகவில்லை. இருவருமே இடது கால் முன்வைத்து நிற்பவர்கள், ஆகவே எதிராளியின் வலது கை நம் இடப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் நகர்ந்தால் அந்தக் கனமான கைக்குள் போகிறோம், வலப்பக்கம் நகர்ந்தால் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து) காத்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து உண்டு. குத்திக்கொண்டே நகர்ந்தால் எதிராளி கை நீட்ட நேரம் இருக்காது, குத்தி முடித்து நின்று பிறகு நகர்ந்தால் மாட்டிக்கொள்வோம்.

வடவாறு (தஞ்சாவூர்):

மொத்த வீச்சு குறையவில்லை என்பது உண்மைதான், வயது என்று நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். பிவோல் வேகம் கூட்டியதால் இவர் தளர்ந்ததாகத் தெரிந்திருக்கிறது.

அரசலாறு (கும்பகோணம்):

மிக்க நன்றி. மார்க் போடும் தாளை எப்படி அமைப்பது? பையன்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வெண்ணாறு (நீடாமங்கலம்):

சத்தத்தை முழுதாக அணைத்துவிடுங்கள் சார். வர்ணனையாளர் கத்தினால் கிளவுஸில் பட்டதும் குத்தாகத் தெரியும். ரவுண்டுக்கு ஒரு வரி, மூன்று கட்டம், நிமிடத்துக்கு ஒன்று. சுத்தமாகத் தலையிலோ உடம்பிலோ பட்டதற்கு மட்டும் ஒரு கோடு. தலை பின்னால் வெட்டியதா, ஆள் மடங்கினாரா என்று பார்க்கச் சொல்லுங்கள், அப்படியானால் கோட்டைத் தடிப்பாகப் போடட்டும். ஒரு நிமிட இடைவேளைக்குள் 10-9 எழுதிவிட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. சந்தேகமான ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கடைசியில் அந்தக் கேள்விக்குறிகளை ஒருமுறை இவருக்கும் ஒருமுறை அவருக்கும் கொடுத்துக் கூட்டினால் நியாயமான எல்லை எது என்று தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்ப்பது காலடியைப் படிக்க மட்டும், மார்க் போட அல்ல. ஜட்ஜுக்கு ரீப்ளே கிடையாது. ஒருவர் முதுகு கேமராவை மறைத்தால் குத்து பட்டதா என்றே தெரியாது. மூன்று ஜட்ஜும் ரிங்கின் மூன்று பக்கம் உட்காருவதும் மார்க் கார்டுகள் வேறுபட ஒரு காரணம்.

பயிற்சிக்கு நெல் காயப்போடும் களமே போதும். 20 அடிக்கு 20 அடி சுண்ணாம்புக் கோடு போடுங்கள், நான்கு மூலையிலும் குச்சி நட்டு இடுப்பு உயரத்தில் கயிறு. ஒருவன் கார்டை மூடிக் கயிற்றோரம் நிற்கட்டும், மற்றவன் பேட் (குத்து வாங்கும் மெத்தை) மாட்டிய கையால் லேசாகத் தட்டிக்கொண்டே வரட்டும். மூன்றாவது தட்டு விழுவதற்குள் இவன் மூன்று குத்து விட்டு ஒரு பக்கம் வெளியேற வேண்டும். 3 நிமிடம், 1 நிமிட ஓய்வு. சிலம்பப் பிள்ளைகளுக்குக் கால் நன்றாக வரும். ஆனால் கம்பின் நீளத்துக்குப் பழகியதால் தூரமாகவே நிற்பார்கள், அதைக் கவனித்துத் திருத்துங்கள். சிமெண்ட் தரையில் ஸ்பாரிங் (ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சிச் சண்டை) மட்டும் வேண்டவே வேண்டாம். விழுந்தால் பின்தலை அடிபடும்.

இன்னொன்று. நம் பையன்கள் ஆடப்போவது அமெச்சூர், மொத்தம் மூன்றே ரவுண்டு, ஐந்து ஜட்ஜ். பிவோல் மாதிரி பாதிக்கு மேல் கியர் மாற்ற அங்கே இடமில்லை. முதல் ரவுண்டை விட்டால் மீதி இரண்டையும் எடுத்தே ஆகவேண்டும். அதனால் மறுமோதலின் 7-வது ரவுண்டைக் காட்டும்போது, இதை முதல் மணியிலேயே தொடங்கு என்று சொல்லிக் காட்டுங்கள்.