கரண்ட் போய் வந்தாலும் மாறாத பெயர்: நெட்வொர்க்கில் கருவியைப் பெயரால் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் அனுபவங்களைச் சொல்லுங்கள்

அக்கராயன் அண்ணை:

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலைகளில் கணினி அறைகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கரண்ட் போய் வந்த கையோடு வருகிற அழைப்பு அநேகமாக ஒன்றுதான்: "சேர், பிரிண்டர் வேலை செய்யுதில்லை." பிரிண்டருக்கு ஒரு குறையும் இருக்காது. விலை குறைந்த ரவுட்டர் நின்று எழும்பும்போது யாருக்கு எந்த நம்பர் (ஐபி முகவரி) கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். நேற்று 192.168.1.5 இல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9 இல் நிற்கும். கணினிகள் பழைய நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு பாடசாலையில் பிரிண்டரின் மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, பழைய நம்பர்களை ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிப் புதிதாக எழுதியிருந்தார்கள். டேப்பில் இடம் முடிந்து, கடைசி நம்பரைப் பேப்பர் தட்டில் பென்சிலால் எழுதியிருந்தது.

அங்கே நான் செய்தது சின்ன வேலை. பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தில் பொன்ஜோர் என்று ஒரு பகுதி இருக்கும். அதிலிருந்த நீளமான கம்பெனிப் பெயரை "ஆபிஸ்பிரிண்டர்" என்று மாற்றினேன். விண்டோஸ் 10 கணினிகளில் நம்பர் கேட்கும் இடத்தில் ஆபிஸ்பிரிண்டர்.லோக்கல் என்று போட்டேன் (அடிப்பது ஆங்கில எழுத்தில்தான்). இப்போது நம்பர் எப்படி மாறினாலும் பெயர் அதே பெயர்.

இதுதான் எம்டிஎன்எஸ். சாதாரண டிஎன்எஸ் என்றால் பெயரைச் சொல்லி நம்பர் கேட்க ஒரு சேர்வர் வேண்டும். இதில் சேர்வரே கிடையாது. கணினி 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, யூடிபி 5353 ஆம் போர்ட்டில், "இந்தப் பெயர் யாருடையது?" என்று கேட்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, கேள்வி எல்லாருக்கும் போகும்; பெயருக்கு உரிய கருவி மட்டும் தன் நம்பரைச் சொல்லும். ஆப்பிள் இதை 2002 இல் ரொண்டேவூ என்று கொண்டுவந்து, 2005 இல் பொன்ஜோர் ஆக்கியது. 2013 இல் ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மலும் எழுதிய ஆர்எஃப்சி 6762 என்ற இணைய விதி ஆவணம் வெளிவந்து பொதுத் தரமானது. லினக்ஸில் அவாஹி என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. பாவிக்கிறவர்கள், பாவித்து அலுத்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

வட்டக்கச்சிக்காரன்:

அண்ணை, நான் தோட்டக்காரன். கிணற்றடி மோட்டருக்கு ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபைப் பலகை ஒன்றைப் பூட்டி, போனிலிருந்து போடவும் நிற்பாட்டவும் செய்து வைத்திருக்கிறேன். மிளகாய்க்குத் தண்ணீர் விட இரவில் எழும்பிப் போகத் தேவையில்லை. பலகைக்குப் பெயர் கொடுப்பது நிரலில் ஒரு வரி. மோட்டர்.லோக்கல் என்று போனில் அடித்தால் பக்கம் திறக்கும்.

எனக்குப் பிடித்தது, மாதக் கடைசியில் டேட்டா முடிந்தாலும் இது வேலை செய்வது. கேள்வியும் பதிலும் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே போவதில்லை. ஆனால் இங்கேதான் ஒரு கூத்து. டேட்டா முடிந்ததும் போன் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை" என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் மோட்டர் எங்கே தெரியும்? மொபைல் டேட்டாவை நிற்பாட்டினால் உடனே தெரியும்.

இன்னொன்று, அப்பாவின் பழைய ஆண்ட்ராய்ட் போனில் பெயர் திறக்கவே இல்லை. ஆண்ட்ராய்ட் 12க்கு முந்தையவற்றில் உலாவியில் .லோக்கல் என்று அடித்தால் போனுக்கு விளங்காது. அவருக்காக ரவுட்டரில் பலகையின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய மாறாத அடையாள எண்) பதிந்து, எப்போதும் ஒரே நம்பர் கிடைக்கச் செய்து, அந்த நம்பரை போனின் முகப்பில் போட்டுக் கொடுத்தேன். பெயர் எனக்கு, நம்பர் அவருக்கு.

கிணறு வீட்டிலிருந்து கொஞ்சம் தூரம். சில நேரம் முதல் தரம் திறக்காது, திருப்பி அடித்தால் திறக்கும். ஏன்?

அக்கராயன் அண்ணை:

தம்பி, வைஃபையில் குழுவுக்குப் போகிற செய்திக்குக் "கிடைத்தது" என்ற பதில் கிடையாது. வழியில் தொலைந்தால் ரவுட்டர் தானாக மறுபடி அனுப்பாது. தனி ஒருவருக்குப் போகிறதென்றால் பதில் வரும்வரை சில தரம் அனுப்பிப் பார்க்கும். சிக்னல் குறைந்த இடத்தில் முதலில் அடிபடுவது எம்டிஎன்எஸ்தான். கிணற்றடிப் பலகையின் அன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே எடுத்துப் பாருங்கள்.

முள்ளியவளை ரீச்சர்:

எங்கள் பாடசாலையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் கீழ்ப்பிரிவுப் பாடங்கள், மற்றதில் உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள். இன்டர்நெட் இல்லாமலே பிள்ளைகள் படிப்பதற்காக ஒருவர் அன்பளிப்பாகப் பூட்டித் தந்தார். இரண்டுக்கும் பெட்டியிலிருந்து வந்த பெயர்தான்: ராஸ்பெரிபை. கொஞ்சக் காலம் எல்லாம் வடிவாக இருந்தது. பிறகு ஒரு காலை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் திறந்தால் இணைந்த கணிதம் வந்து நிற்கிறது. அடுத்த நாள் சரியாக வந்தது. பிறகு திரும்ப மாறியது. பேய் என்று சொல்லாத குறை.

காரணம் இதுதான். ஒரு கருவி எழும்பும்போது தன் பெயரை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று கால் வினாடி இடைவெளியில் மூன்று தரம் கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் பெயர் அதற்கு. முன்னமே ஒருவர் வைத்திருந்தால், பிந்தி வந்தது தன்னை ராஸ்பெரிபை-2 என்று மாற்றிக்கொள்ளும். எங்களுடைய இரண்டும் ஒரே மின்கம்பியில். கரண்ட் வந்ததும் எது முந்தி எழும்புகிறதோ அதற்கே பெயர். ஆளுக்கொரு பெயர் வைத்ததோடு சண்டை முடிந்தது.

சரி, தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிரிண்டர் போன்றவற்றைத் தேடும்போது வருகிற சேவைப் பட்டியலில் தெரிகிற பெயரைத் தமிழில் வைக்கலாம், யூனிகோட் ஏற்கும். ஆனால் 63 பைட் எல்லை உண்டு. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் போகும், எழுத்தோடு சேரும் விசிறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். "நூலகப் பிரிண்டர்" 46 பைட், இடம் இருக்கிறது. "பாடசாலை நூலகம் பிரிண்டர்" என்றால் 68, ஏற்காது. பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுத்தேன். பெயரைக் குறுக்குவதில் என்னைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

மாங்குளம் சந்தி:

பயிற்சி நிலையம் ஒன்றில் வகுப்பு எடுக்கப் போனேன். போனில் இருப்பதைத் திரையில் காட்டலாம், காஸ்ட் பண்ணலாம் என்றார்கள். வைஃபை கிடைத்தது, இன்டர்நெட் ஓடியது, காஸ்ட் பட்டியல் மட்டும் வெறுமை. ரவுட்டரைப் பூட்டியவர் விருந்தினர் வைஃபையில் "தனிமைப்படுத்தல்" போட்டு வைத்திருக்கிறார். அப்படிப் போட்டால் ஒவ்வொரு போனும் இன்டர்நெட்டுக்குப் போகலாம், பக்கத்துப் போனுடன் கதைக்க முடியாது. கதைக்க விடாவிட்டால் எம்டிஎன்எஸ் எங்கே? பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. திரையை எந்த வைஃபையில் பூட்டினோமோ அதற்கே போனையும் விட வேண்டும். கேள்வி ரவுட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. தாண்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கால் வைத்த லினக்ஸ் பெட்டி ஒன்றில் கேள்வியை மற்றப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிற அவாஹியின் ரிஃப்ளெக்டரைப் போடலாம். வீட்டுக்கு அது அதிகம்.

வவுனியாப் பிள்ளை:

எல்லாரும் கருவி தெரியவில்லை என்று எழுதுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை தெரிந்ததுதான்.

வவுனியாவில் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வைஃபையில் இருந்தேன். பக்கத்து மேசைப் பெடியன் முன்பின் தெரியாதவன், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். என் ஐபோனுக்கு என் பெயரே இருந்தது, வாங்கியபோது தானாக வைத்தது. அவன் சேவைகளைப் பட்டியலிடுகிற ஆப் ஒன்றை வைத்து யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தனிமைப்படுத்தல் இல்லாத வைஃபை என்றால் இப்படித்தான். அங்கேயே அமைப்புகளில் பொது, அறிமுகம், பெயர் என்று போய் வெறும் எண்ணாக மாற்றினேன். தங்கச்சிமார் ஒருக்கா உங்கள் போன் பெயரைப் பாருங்கள். மடிக்கணினிப் பெயரையும்.

அக்கராயன் அண்ணை:

நல்ல வேளை எழுதினீர்கள் பிள்ளை. எம்டிஎன்எஸ்ஸில் யார் யார் என்று சரிபார்க்கிற வசதியும் இல்லை. வேறொருவன் "நான்தான் ஆபிஸ்பிரிண்டர்" என்று பதில் சொன்னாலும் கணினி நம்பிவிடும். நம்பிக்கையான ஆட்கள் மட்டும் இருக்கிற நெட்வொர்க்குக்குத்தான் இது.

ஒட்டுசுட்டான் கொமினிகேசன்:

அண்ணை, என் போட்டோக்கொப்பிக் கடையில் புது மடிக்கணினி ஒன்றில் மட்டும் பிரிண்டர் தெரியவில்லை. மற்றவை எல்லாவற்றிலும் தெரிகிறது. ஒரே வைஃபைதான். ரவுட்டரை எத்தனை தரம் நிற்பாட்டிப் போட்டும் பலனில்லை.

அக்கராயன் அண்ணை:

ரவுட்டரை விடுங்கள். மடிக்கணினியில் அந்த வைஃபையை அழுத்தி "பப்ளிக்" என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் புது வைஃபையை வெளியிடம் என்று நினைத்துக் கண்டுபிடிக்கும் வேலைகளை அடைத்து வைக்கும். "பிரைவேட்" ஆக்குங்கள்.

ஒட்டுசுட்டான் கொமினிகேசன்:

வந்துவிட்டது அண்ணை! இரண்டு பிரிண்டரும் தெரிகின்றன, ஒன்று பக்கத்துக் கடைக்காரருடையது. அவரும் என் வைஃபையில்தான் இருக்கிறார் போல.

அக்கராயன் அண்ணை:

அப்போ முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மடிக்கணினியை வெளியே கொண்டு போனால் அங்கே கிடைக்கிற வைஃபையை "பிரைவேட்" ஆக்க வேண்டாம், பப்ளிக்காகவே விடுங்கள்.