நம்ம எம்.பி. எந்தெந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார்? பதிவைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: குழித்துறை வாசகர்

மார்த்தாண்டம் பக்கத்து நூலக வாசகர் வட்டத்துக்காக ஒரு தாள் தயாரிக்கிறோம். குடிமக்கள் உரிமை, சட்டத் திருத்தம் சம்பந்தப்பட்ட மசோதாக்களில் கன்னியாகுமரி தொகுதி எம்.பி.க்கள் எடுத்த நிலைப்பாடுதான் பொருள். முத்தலாக், குடியுரிமைத் திருத்தம், மகளிர் இட ஒதுக்கீடு, புதிய குற்றவியல் சட்டங்கள், வக்பு திருத்தம் என்று ஐந்தை எடுத்திருக்கிறோம். செய்தித்தாளில் கட்சி என்ன சொன்னது என்றுதான் இருக்கிறது, ஆள் என்ன செய்தார் என்று இல்லை. எம்.பி.க்களின் செயல்பாட்டைத் தொகுக்கும் பிஆர்எஸ் தளத்திலும் வருகை, விவாதம், கேள்வி எண்ணிக்கைதான் கிடைக்கிறது. வாக்கை எங்கே பார்ப்பது?

பதில் 1: தக்கலை வழக்கறிஞர்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மசோதாவுக்குத் தனிநபர் வாக்கு என்ற பதிவே கிடையாது. டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணிப் பதிவது, நடந்திருந்தால் மட்டுமே பெயர்ப்பட்டியல் உண்டு. சாதாரண மசோதாவில் யாராவது எதிர்ப்புத் தெரிவித்து டிவிஷன் கேட்க வேண்டும். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு 368ஆவது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதனால் அங்கே எண்ணித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஐந்தில் நான்குக்கு மக்களவை டிவிஷன் இருக்கிறது. முத்தலாக் 2019 ஜூலை 25, ஆதரவு 303, எதிர்ப்பு 82 (மற்றவையும் இதே வரிசையில்). குடியுரிமைத் திருத்தம் 2019 டிசம்பர் 9 அமர்வு, 311-80. மகளிர் இட ஒதுக்கீடு 2023 செப்டம்பர் 20, 454-2. வக்பு 2025 ஏப்ரல் 2 அமர்வு, 288-232. குடியுரிமை, வக்பு இரண்டிலும் வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டி நடந்தது. பத்திரிகையில் மறுநாள் தேதி இருக்கும், அவைக் குறிப்பில் அமர்வு தொடங்கிய தேதி இருக்கும். மறுநாள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு 'பதிவே இல்லை' என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான்.

பார்க்கும் இடம் நாடாளுமன்றத்தின் சன்சத் தளம். மக்களவை, விவாதங்கள், தேதி என்று போய் அந்த நாளின் முழுக் கோப்பை எடுங்கள். டிவிஷன் நடந்த இடத்தில் 'ஆம்' பட்டியல், 'இல்லை' பட்டியல், நடுநிலை என்று பெயர்கள் வரும். அடியில், பொத்தான் பதிவாகாமல் சீட்டு கொடுத்துத் திருத்தியவர்களின் பெயர் தனியாக இருக்கும். அதையும் படிக்காமல் விட்டால் வாக்களித்தவரை வரவில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

பெயர் தேடலிலும் கவனம். இப்போதைய எம்.பி. மக்களவைப் பதிவேட்டில் 'விஜயகுமார் என்கிற விஜய் வசந்த்' என்று இருக்கிறார். 2019இல் நடந்த இரண்டுக்கும் எச்.வசந்தகுமாரைத் தேட வேண்டும். அவர் 2020 ஆகஸ்டில் மறைந்தார், 2021 இடைத்தேர்தலில்தான் மகன் வந்தார். அப்பா வாக்கை மகன் கணக்கில் எழுதிய துண்டறிக்கைகள் உண்டு.

பதில் 2: பார்வதிபுரம்

ஐந்தாவதான குற்றவியல் சட்டங்களை மேலே விட்டுவிட்டார். அதுதான் இந்தத் தொகுதிக்கு முக்கியமான விஷயம்.

பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்றும் 2023 டிசம்பர் 20இல் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன. நம்ம எம்.பி. டிசம்பர் 18ஆம் தேதியே சஸ்பெண்ட் ஆகியிருந்தார். அன்று சஸ்பெண்ட் ஆன 33 பேரில் 30 பேருக்கு அந்தக் கூட்டத்தொடர் முடியும் வரைதான். கே.ஜெயக்குமார், அப்துல் காலிக், விஜய் வசந்த் மூவருக்கும் உரிமைக் குழு அறிக்கை வரும் வரை. மசோதா நிறைவேறிய அன்று மக்களவையில் 97 பேர் வெளியே.

ஆகவே தாளில் 'எதிர்த்து வாக்களித்தார்' என்று எழுதினால் பொய். 'வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை' என்று மொட்டையாக எழுதினாலும் அநியாயம். 'சஸ்பெண்ட் செய்யப்பட்டு அவைக்கு வெளியே இருந்தார், டிவிஷனும் நடக்கவில்லை' என்று முழுசாக எழுதுங்கள். இன்று நாகர்கோவில் கோர்ட்டில் ஜாமீன் மனுக்கள் அந்தச் சட்டங்களின் கீழ்தான் போகின்றன. அவற்றைப் பற்றி இந்தத் தொகுதிக்கு அவையில் குரலே இல்லாமல் போனது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாதிரி இடத்தில், மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையைப் பாருங்கள். உள்துறை நிலைக்குழுவின் 246, 247, 248ஆவது அறிக்கைகள் இந்த மூன்று மசோதாக்களைப் பற்றியவை. கடைசியில் மாற்றுக் கருத்துக் குறிப்புகள் இணைத்திருக்கும். எந்தப் பிரிவு ஏன் கூடாது என்று உறுப்பினர் கையெழுத்தோடு சொல்லும் இடம் அது. மேடைப் பேச்சை விட எடை அதிகம்.

பதில் 3: குளச்சல் ஆசிரியை

வாக்கை மட்டும் வைத்து ஆளை எடைபோடாதீர்கள். 1985இல் கட்சித் தாவலைத் தடுக்கும் 52ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வந்ததிலிருந்து கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வராமல் இருந்தாலோ பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். எனவே டிவிஷன் பட்டியல் பெரும்பாலும் கட்சியின் முகம்தான். கட்சிக்குள்ளேயே முரண்பாடு வந்ததும் உண்டு: 2019இல் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுகவின் ஓ.பி.ரவீந்திரநாத் ஆதரித்தார், மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார்.

ஆளின் சொந்த நிலைப்பாடு தெரிய வேண்டுமானால் அவர் கொடுத்த திருத்தங்கள், கேட்ட கேள்விகள், தனிநபர் மசோதா இவற்றைத் தேடுங்கள். திருத்தம் தோற்றாலும் யார் முன்மொழிந்தார் என்று குறிப்பில் இருக்கும். பக்கத்துக் கொல்லம் எம்.பி. பிரேமச்சந்திரன் இதில் பேர் பெற்றவர், அவருடைய திருத்தங்களை ஒப்பீட்டுக்கு எடுத்துப் பாருங்கள். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அரசு கொண்டுவராத மசோதாவால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

குழித்துறை வாசகர்: ரொம்ப நன்றி. எம்.எல்.ஏ.க்களுக்கும் இதே வழிதானா? பொது சிவில் சட்டம் பற்றியும் ஒரு கேள்வி வைக்கலாமா?

பதில் 4: தக்கலை வழக்கறிஞர்

பேரவையில் 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும், பெயர் வராது. நடவடிக்கைக் குறிப்பில் பேச்சையும் வெளிநடப்பையும் பாருங்கள். 2021 செப்டம்பர் 8இல் குடியுரிமைத் திருத்தத்துக்கு எதிரான தீர்மானம் வந்தபோது பாஜக வெளிநடப்புச் செய்தது. அப்போது நாகர்கோவில் எம்.எல்.ஏ. அந்தக் கட்சிக்காரர்.

சிவில் சட்டக் கேள்வியைக் கண்டிப்பாக வையுங்கள், ஆனால் 'ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டால் கட்சி வாசகம்தான் திரும்பி வரும். குமரி மாவட்டத்தில் பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைத்து வந்தது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே, மகளுக்கும் சமபங்கு தரும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றது. இந்தச் சமபங்கு எந்தப் புதிய சட்டத்திலும் குறையாது என்று எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அனுப்பிய தேதியைப் போட்டு 'பதில் இல்லை' என்று அச்சிடலாம்.