சிம்னி ஓரம் ஒழுகிய கதை

நுவரெலியாவில் எங்கள் வீடு பழைய காலத்துக் கட்டடம். ஹாலில் கணப்படுப்பு, மேலே செங்கல் சிம்னி, தகரக் கூரை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் கணப்புக்கு மேலே சுவரில் பிளேன்டீ நிறத்தில் கறை இறங்கும். தகரமும் செங்கல்லும் சேரும் இடத்தில் ஒரு வருசம் சீமெந்து, மறு வருசம் தார், அப்புறம் சிலிக்கன். எதுவும் நிற்கவில்லை. தகரம் வெயிலில் நீளும், ராத்திரிக் குளிரில் சுருங்கும். செங்கல் அசையாது. இடையில் பூசியது வெடிக்காமல் என்ன செய்யும்?

கடைசியாக வந்த வயதான மேசன் பாஸ் சாந்துச் சட்டியைத் தொடவே இல்லை. "தம்பி, நீங்க சீலிங்குக்கு மேல ஏறி டோர்ச் அடிச்சுப் பாருங்க, நான் தண்ணி விடுறேன்" என்றார். மழையில்லாத நாள். கூரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, பக்கத்துக்குப் பத்து நிமிசம். மேலிருந்து விட்டால் எல்லாப் பக்கமும் ஓடி ஓட்டை எது என்றே தெரியாதாம். முன்பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு ஓரமும் காய்ந்துதான் இருந்தன. சிம்னியின் முதுகுப் பக்கம் வந்ததும் ஒரு சொட்டு மரச்சட்டத்தில் விழுந்து, அதைப் பிடித்து ஊர்ந்து, நாலடி தள்ளிச் சொட்டியது. நாங்கள் இத்தனை வருசம் பூசியதெல்லாம் ஏணிக்கு எட்டிய முன்பக்கம்!

பின்னால் யூக்கலிப்டஸ் இலை மக்கி அணை கட்டியிருந்தது. அள்ளினால் ஒரு வாளி. அடியில் தகடு துருப்பிடித்து ஊசி ஊசியாக ஓட்டை. புதுத் தகட்டை மேல் தகரத்துக்கு அடியில் செருகி, சிம்னியோடு மடித்து ஏற்றினார். செங்கல் இடைச் சாந்தை ஒரு அங்குலம் வெட்டி, இன்னொரு தகட்டின் விளிம்பை அதற்குள் நுழைத்துப் பூசினார். அது கீழ்த் தகட்டின் மேல் ஒட்டாமல் சும்மா தொங்குகிறது. தகரம் எப்படி அசைந்தாலும் கவலையில்லை. முதுகில் தண்ணீர் இருபுறமும் பிரிய ஒரு சின்ன மேடும் வைத்தார்.

இதைப் படித்துப் பண்டாரவளையிலிருந்து ஒருவர்:
எங்களுக்கு ஓரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது அண்ணா. சிம்னி உச்சியில் பூசிய சீமெந்து வெடித்து, செங்கல் தண்ணீர் குடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் மழை விட்டு மறுநாள்தான் கறை வரும். உச்சியையும் ஒருதரம் பாருங்கள்.

தலவாக்கலையிலிருந்து இன்னொருவர்:
எங்கள் கதை வேறு. மழையே இல்லை, நெருப்பு மூட்டினால் மட்டும் ஈரம். கூரையைப் பிரிக்க ஆள்கூடப் பேசிவிட்டோம். பார்த்தால் பச்சை விறகு! ஆவி குளிர்ந்த சிம்னிச் சுவரில் பட்டுத் தண்ணீராக வழிந்திருக்கிறது. இப்போது விறகை அடுக்களைப் பக்கம் ஆறு மாதம் அடுக்கிக் காயவைத்துத்தான் எரிக்கிறோம்.